படிக்கட்டே தராசு

மின்சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, “ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும்?” என்பதுதான். கடைக்காரரும் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். அறுபது கிலோமீட்டர், எண்பது கிலோமீட்டர் என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். சைக்கிளை மட்டுமே நம்பி ஊர் சுற்றுகிறவருக்கு இது நியாயமான கேள்வி. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து ரயில், இறங்கியபின் அலுவலகம் வரை மறுபடி சைக்கிள் என்று தினமும் போய் வருகிறவருக்கோ இது தவறான கேள்வி. அவருடைய நீண்ட தூரத்தை ரயில் ஓடி முடித்துவிடுகிறது. சைக்கிள் ஓட வேண்டியது ரயிலுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சம். நடுவே, நிலையத்தின் படிக்கட்டில், சைக்கிள் அவரைச் சுமப்பதில்லை. அவர்தான் சைக்கிளைச் சுமக்கிறார். மடக்கு மின்சைக்கிளின் தரத்தை நிறுக்கும் தராசு அந்தப் படிக்கட்டுதான். அதில் நிறுத்துப் பார்த்தால், ரயில் பயணிக்குப் பெரிய பேட்டரி வரம் அல்ல, வீண் சுமை என்பது கணக்காகவே தெரியும்.

கணக்கை நிலையத்திலிருந்தே தொடங்கலாம். பத்து நிமிடத்தில் ஒருவர் சுமார் 800 மீட்டர் நடப்பார். அதே பத்து நிமிடத்தில், சிக்னல்களில் நின்று நிதானமாகப் போனாலும், சைக்கிளில் 3 கிலோமீட்டர் போய்விடலாம். தூரம் நான்கு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் நிலையத்தை மையமாக வைத்து வட்டம் போட்டுப் பார்த்தால் வேறு கதை. 800 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 2 சதுர கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் ஆரமுள்ளதன் பரப்பு 28 சதுர கிலோமீட்டர். ஆரத்தின் வர்க்கத்தில் பரப்பு பெருகுவதால், அதே பத்து நிமிடத்துக்குள் பதினான்கு மடங்கு நிலம் நிலையத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. தெருக்கள் நேராகப் போவதில்லை என்பது உண்மைதான். அந்த வளைவு நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் ஒன்றுதான் என்பதால் விகிதம் பெரிதாக மாறாது. புதிதாக ஒரு தண்டவாளம்கூடப் போடாமல், இருக்கிற ரயிலுக்கு இத்தனை வீடுகளையும் அலுவலகங்களையும் சேர்த்துக் கொடுக்கிறது சைக்கிள். வீட்டு முனை, வேலை முனை இரண்டிலும் இந்த விரிவு கிடைக்கும்போதுதான் பலன் முழுமையாகிறது. இரண்டு முனையிலும் அதே சைக்கிள் வேண்டுமென்றால் நடுவில் அது ரயிலேறியாக வேண்டும்.

சைக்கிள் ரயிலேறுவதில் நீண்ட அனுபவம் உள்ள நகரம் லண்டன். அங்கே நெரிசல் நேரத்தில் முழு அளவு சைக்கிளுக்குப் பல தடங்களில் இடமில்லை. மடக்கிய சைக்கிளோ பெட்டியைப் போல ஒரு சாமான், எந்நேரமும் ஏற்றலாம். இந்த வேறுபாட்டின் மேல் நிற்பதுதான் பிராம்ப்டன் சைக்கிள். பொறியியல் படித்த ஆண்ட்ரூ ரிச்சி 1970-களின் நடுவில் தெற்கு கென்சிங்டனில் இருந்த தன் குடியிருப்பில் அதை வரைந்து உருவாக்கினார். ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் ஆரட்டரி தேவாலயத்தின் பெயரையே அதற்கு வைத்தார். மடிப்பின் நுட்பம் எளிமையானது. பின்சக்கரம் சட்டத்தின் அடியில் சுழன்று உட்காரும். முன்சக்கரம் மடங்கி அதன் பக்கவாட்டில் வந்து சேரும். இருக்கைத் தண்டைக் கீழே இறக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். எண்ணெய் படிந்த சங்கிலி இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்வதால் பக்கத்தில் நிற்பவரின் கால்சட்டையில் கறை படாது. முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரமும் நீளமும், 27 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு மூட்டை. மோட்டார் இல்லாத அந்த மூட்டையின் எடை 11, 12 கிலோ. 2018-இல் சந்தைக்கு வந்த மின்சார வடிவம் பேட்டரியோடு சேர்த்துச் சுமார் 17 கிலோ. இந்த ஐந்தாறு கிலோ வித்தியாசம் எதற்காக, அது தேவைதானா என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, 70 கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோ பையோடு, 17 கிலோ சைக்கிளில், சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிய சக்கரங்களின் உருளல் தடையை வெல்ல சுமார் 40 வாட், காற்றைக் கிழித்துப் போக சுமார் 60 வாட், ஆக 100 வாட் தேவை. உடல்நலமுள்ள ஒருவருக்கு இது பெரிய வேலை அல்ல. சிக்கல் நம் தசைகளின் திறனில் இருக்கிறது. உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் தசை பெடலுக்குத் தருகிறது. மீதி முழுக்க வெப்பம். பெடலில் 100 வாட் வேண்டுமானால் உடலுக்குள் 300 வாட் அடுப்பு எரிகிறது. பத்து நிமிடத்தில் அது 180 கிலோஜூல். அத்தனையும் வியர்வை ஆவியாகியே வெளியேற வேண்டுமென்றால் 75 கிராம் வியர்வை வேண்டும். 100 வாட்டில் 60 வாட்டை மோட்டார் ஏற்றுக்கொண்டால் ஓட்டுபவரின் பங்கு 40 வாட். வியர்வைக் கணக்கு 30 கிராமாக இறங்கிவிடும். லண்டனின் ஈரமான குளிரில் எதிர்க்காற்றே வெப்பத்தின் பெரும் பங்கைக் கொண்டுபோய்விடும் என்றாலும், நெரிசலான ரயில் பெட்டிக்குள் நுழைந்த மறுகணம் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. உள்ளே எரிந்த அடுப்போ உடனே அணைவதில்லை. அலுவலகச் சட்டையோடு போகிறவருக்கு மோட்டார் தரும் முதல் உதவி இதுதான். மேடு ஏறும்போதும், சிக்னலில் நின்று கிளம்பும்போதும் அது கைகொடுப்பது கூடுதல் லாபம்.

மோட்டார் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? காலையில் இரு முனையிலும் மூன்று மூன்று கிலோமீட்டர், மாலையிலும் அப்படியே. நாள் முழுவதும் 12 கிலோமீட்டர். மோட்டாரில் ஏற்படும் இழப்பு, அடிக்கடி நின்று கிளம்புவது, ஒன்றிரண்டு மேடுகள் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 8 வாட்-மணி என்று வைத்தாலும், நாளைக்கு 100 வாட்-மணியைத் தாண்டாது. காபிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ இவ்வளவு மின்சாரம்தான் ஆகும். நல்ல மடிக்கணினியின் பேட்டரி அளவும் இதை ஒட்டியதே. விமானத்தில் கேள்வி கேட்காமல் கையோடு எடுத்துப்போக அனுமதிக்கும் எல்லை 100 வாட்-மணி என்பதால், மடிக்கணினிகள் அதற்குள் நின்றுகொள்கின்றன. 2018-இல் வந்த அந்த பிராம்ப்டனின் பேட்டரி 300 வாட்-மணி. இது தினசரித் தேவையைப்போல மூன்று மடங்கு. சாலையிலேயே வாழும் பெரிய மின்சைக்கிள்களில் 500, 600 வாட்-மணி சாதாரணம். அவற்றை வாங்கிக்கொண்டு ரயிலேறினால் தேவையைப்போல ஐந்தாறு மடங்கு சக்தியைத் தினமும் படியேற்றி இறக்குகிறோம் என்று பொருள்.

படியேற்றுவதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஆற்றல் கணக்கில் ஒன்றுமே இல்லை. 17 கிலோவை 6 மீட்டர் உயரம் தூக்க 1,000 ஜூல் போதும். ஒரு நாளில் சைக்கிள் செலவிடும் மின்சாரத்தில் இது முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்குகிறது, இடுப்பு இழுக்கிறது. காரணம் நெம்புகோல். குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடப்பதையும், அதே அளவு தண்ணீரை வாளியில் ஒரு கையால் தொங்கவிட்டு நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குடம் உடலோடு ஒட்டியிருக்கிறது. வாளி காலில் இடிக்காமலிருக்க நாம் அதை வெளியே தள்ளிப் பிடிக்கிறோம்; உடல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. மடக்கிய சைக்கிள் வாளியின் இனம். 27 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பொருளின் எடைமையம் முதுகெலும்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விலகி நிற்கும். அதைச் சமன்படுத்தும் முதுகுத் தசைகளோ எலும்பை ஒட்டியே இருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் நெம்புகோல் கை மிகக் குட்டை. அதனால் கையில் 17 கிலோ என்றால் தசை இழுக்கும் விசை அதைப்போலப் பல மடங்கு. கையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் முதுகில் பல கிலோவாக விழுகிறது.

இந்த இடத்தில் பேட்டரியைத் தனியாகக் கழற்றும் அமைப்பு எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று பாருங்கள். பிராம்ப்டனில் பேட்டரி சட்டத்துக்குள் இல்லை; முன்பக்கம் மாட்டும் ஒரு பைக்குள் இருக்கிறது. எடை சுமார் 3 கிலோ. படிக்கட்டு வந்ததும் அந்தப் பையைக் கழற்றி இடது தோளில் மாட்டிக்கொண்டு, 14 கிலோ சைக்கிளை வலது கையில் எடுக்கலாம். மொத்த எடை மாறவில்லை. அதே 17 கிலோதான். ஆனால் முதுகைத் திருகும் சுமை என்பது இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரே கையில் 17 என்றால் வித்தியாசம் 17. இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 3 என்றால் வித்தியாசம் 11. மூன்று கிலோவை இடம் மாற்றியதில் திருகல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. காவடியைத் தோளில் வைத்து இரு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டவர்களுக்கு இந்த இயற்பியலைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைப் படிக்காமல், பேட்டரியை இருக்கைத் தண்டுக்குள்ளோ சட்டத்துக்குள்ளோ புதைத்துப் பூட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறது என்று விற்கும் வடிவங்கள் ரயில் பயணிக்குத் துரோகம் செய்கின்றன. லண்டனில் பாதாள ரயிலின் 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் தெருவிலிருந்து படியேறாமல் நடைமேடைக்குப் போக வழி உண்டு. மீதியிலெல்லாம் இந்தக் கணக்கு தினசரி முதுகில் எழுதப்படுகிறது.

முதல் மறுப்பு எடையை முன்னிறுத்துகிறவர்களிடமிருந்தே வரும். எடைதான் எல்லாம் என்றால் மோட்டாரையே விட்டுவிட்டு 11 கிலோ சாதா மடக்கு சைக்கிளை வாங்கலாமே? சமதரை, குளிர்ந்த காற்று, இளம் முழங்கால், குட்டித் தூரம் என்று நான்கும் அமைந்தவருக்கு இதைவிட நல்ல அறிவுரை இல்லை. மோட்டார் அவருக்குப் பாரம்தான். ஆனால் இந்த நான்கில் ஒன்று தவறினாலும் சாதா சைக்கிளின் வட்டம் சுருங்கிவிடுகிறது. 3 கிலோமீட்டர் ஆரம் 2 கிலோமீட்டராகக் குறைந்தால், முன்பு பார்த்த அதே வர்க்கக் கணக்கின்படி பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். மோட்டாரின் வேலை வேகம் கூட்டுவது அல்ல. பிரிட்டனில் சட்டமே மோட்டார் உதவியை 250 வாட்டோடும், மணிக்கு 25 கிலோமீட்டரோடும் நிறுத்திவிடுகிறது. மேடு, வெயில், வயது மூன்றும் சேர்ந்து சுருக்கும் வட்டத்தைப் பழைய அளவில் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 100 வாட்-மணி போதும் என்பதால், தேர்வு மோட்டாரா எடையா என்பதில்லை. மோட்டாரை வைத்துக்கொண்டு பேட்டரியைக் குறைப்பதே வழி.

பேட்டரியைக் குறைத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடாதா என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. லித்தியம்-அயனி செல்லை அடியோடு காலி செய்து முழுக்க நிரப்புவதைவிட, பாதிவரை செலவழித்து நிரப்பினால் அது அதிக காலம் உழைக்கும். குளிர்காலத்தில் அதன் கொள்ளளவு தற்காலிகமாகக் குறையும். வயதாக ஆக நிரந்தரமாகவும் குறையும். இதெல்லாம் சரி. ஆனால் இதற்கு விடை 500 அல்ல, 200. நாளுக்கு 100 வாட்-மணி செலவழிப்பவரிடம் 200 வாட்-மணி பேட்டரி இருந்தால், தினமும் பாதிதான் இறங்குகிறது. சில ஆண்டுகளில் அதன் கொள்ளளவு முக்கால் பங்காகக் குறைந்தாலும் அன்றாடத் தேவைக்கு மேல் மிச்சம் இருக்கும். மேசைக்கடியில் இன்னொரு சார்ஜர் வைத்துக்கொண்டால் தேவையே பாதியாகிவிடும். கூடுதல் சார்ஜரின் எடை அலுவலகத்திலேயே கிடக்கிறது. கூடுதல் பேட்டரியின் எடை படிக்கட்டில் கூடவே வருகிறது.

நெதர்லாந்துக்காரர் ஒருவர் இந்த வாதம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம். அங்கே ரயில் பயணிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் சைக்கிளில்தான் நிலையத்துக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எதையும் மடக்குவதில்லை. உத்ரெக்ட் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்களை நிறுத்த இடம் இருக்கிறது. இறங்குகிற நிலையத்தில் ஓவி-ஃபீட்ஸ் என்ற வாடகைச் சைக்கிள் காத்திருக்கிறது. நிறுத்த இடமும் வாடகைச் சைக்கிளும் இருந்தால் சுமக்கவே வேண்டாமே என்பது இதுவரை வந்த மறுப்புகளில் மிக வலுவானது. அத்தனையும் அமைந்த நாட்டில் மடக்கு சைக்கிள் தேவையில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாடகைச் சைக்கிளுக்குக் கடலின் ஓதம்போல ஏறி வடியும் ஒரு நோய் உண்டு. லண்டனில் 2010 முதல் பொது வாடகைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. காலையில் பெரிய நிலையங்களில் வந்திறங்கும் கூட்டம் ஒரே திசையில் வேலையிடங்களை நோக்கிப் பாய்வதால், நிலையத்துச் சைக்கிள்கள் காலியாகின்றன. போய்ச் சேரும் இடத்திலோ திருப்பி மாட்ட இடம் கிடைப்பதில்லை. மாலையில் ஓதம் திரும்பும். லாரிகளில் சைக்கிள்களை ஏற்றி இறக்கித்தான் இதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. கையோடு வரும் சைக்கிளுக்கு இந்த ஓதம் கிடையாது. நிலையம் செய்திருக்க வேண்டிய வேலையைப் பயணி தன் முதுகில் ஏற்றிக்கொள்கிறார் என்பதும் உண்மைதான். அப்படி ஏற்றிக்கொள்கிற வரையில் சுமை குறைவாக இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இது இன்னொரு காரணம்.

கடைசியாக, தீ. 2021 நவம்பரில் லண்டனின் பார்சன்ஸ் கிரீன் நிலையத்தில் பாதாள ரயிலுக்குள் ஒரு மின்ஸ்கூட்டரின் பேட்டரி தீப்பற்றியது. அடுத்த மாதமே மின்ஸ்கூட்டர்களுக்குத் தடை வந்தது. 2025 பிப்ரவரியில் ரேய்னர்ஸ் லேன் நிலையத்தில், மின்மோட்டார் பொருத்தி மாற்றப்பட்ட ஒரு சைக்கிள் எரிந்தது. மார்ச் 31 முதல் மடக்காத மின்சைக்கிள்களையும் நகரப் போக்குவரத்து நிர்வாகம் பெரும்பாலான சேவைகளில் தடைசெய்தது. மடக்கு மின்சைக்கிளுக்கு மட்டும் விலக்கு. விலக்கின் காரணம் பொறியியல் சார்ந்தது. லித்தியம்-அயனி செல்லுக்குள் இரு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். சுற்றியிருக்கும் திரவமோ எரியக்கூடியது. அடிபட்டோ, பொருந்தாத சார்ஜரால் அளவுமீறி நிரம்பியோ படலம் ஓரிடத்தில் கிழிந்தால் செல் சூடாகிறது. அந்தச் சூடு பக்கத்துச் செல்லைக் கிளப்புகிறது. பிறகு வரிசையாக வெடிக்கிறது. சாதா சைக்கிளில் எங்கிருந்தோ வாங்கிய பேட்டரியைக் கட்டி மாற்றும்போது இந்த ஆபத்து கூடுகிறது. மடக்கு மின்சைக்கிள் பெரும்பாலும் ஆலையிலேயே மின்சைக்கிளாகப் பிறந்தது. பேட்டரி எளிதில் அடிபடாத இடத்தில் இருக்கிறது. இதனால் ஆபத்து பூஜ்யமாகிவிடாது. ஆனால் எரிவதற்கு உள்ளே இருக்கும் சரக்கு பேட்டரியின் அளவைப் பொறுத்தது. மூடிய பெட்டிக்குள் நூறு பேரோடு பயணம் செய்யும் பேட்டரி தேவைக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது என்பதற்குப் படிக்கட்டைவிடக் கனமான காரணம் இது.

சென்னைக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்றால், பாதி பொருந்தும். வெப்பக் கணக்கு லண்டனைவிட இங்கேதான் கடுமை. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாமல் சட்டையில் வழிகிறது. மோட்டாரின் நியாயம் இங்கே இரட்டிப்பு. இந்தியச் சட்டமும் மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிடும் சைக்கிளை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. உரிமமோ பதிவோ வேண்டாம். எடைக் கணக்கும் கடுமைதான். பறக்கும் ரயில் என்று பெயர் வைத்ததற்கேற்ப அதன் நடைமேடைகள் தெருவிலிருந்து பல படிகள் மேலே நிற்கின்றன. பொருந்தாத பாதி, நெரிசல். காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கி வரும் மின்ரயிலில் மூட்டை வைக்க இடம் கேட்பது நியாயமில்லை. அந்த நேரத்துப் பயணிக்கு நிலையத்தில் பூட்டி வைக்கப் பத்திரமான இடமே முதல் தேவை. கூட்டத்துக்கு முன்போ பின்போ போகிறவர்களுக்கும், கூட்டத்தின் எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும்தான் மடக்கு சைக்கிள். அவர்களும் கடையில் முதலில் செய்ய வேண்டியது, அதை மடக்கி ஒரு கையில் தூக்கி ஒரு மாடி ஏறிப் பார்ப்பது.

லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து தென்மேற்குப் புறநகர்களுக்குப் போகும் மின்ரயில்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. நம் தாம்பரம் ரயில் தலைக்கு மேல் போகும் கம்பியிலிருந்து எடுக்கிறது. நூற்றுக்கணக்கான பேரை இழுக்கும் அந்த வண்டிகள் அதற்கான மின்சாரத்தைச் சேமித்துச் சுமந்து திரிவதில்லை. வழியில் கிடைப்பதைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போகாததும் ரயில் இவ்வளவு சிக்கனமாக ஓட ஒரு காரணம். அதில் ஏறுகிற சைக்கிளும் அதே சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளலாம். அறுபது கிலோமீட்டர் ஓடும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவது, ஆற்றங்கரைக்குக் குளிக்கப் போகிறவர் வீட்டிலிருந்து அண்டா நிறையத் தண்ணீர் எடுத்துப் போவதைப் போன்றது.